மேல வீதியில் சின்னையன் படம்

கடை திறந்த மூன்றாம் நாள் காலையில் முதல் மாலை வந்து விழுந்தது.

இசைவாணி குடிகாட்டில் பஸ் ஏறி சிதம்பரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தவள். வேலை தொடங்கும் முன்பே கால் பாதி செத்துவிட்டது. மேல வீதியில் கடைக்கு முன்னால் வந்து நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடிச் சுவரில் ஒட்டிய பெரிய படத்தின் அடியில் ஒரு சம்பங்கி மாலை. பக்கத்தில் வாழைப்பழத்தில் குத்திய நாலு ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. செக்யூரிட்டி தேவசகாயம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"யாரோ ஒரு பெரியவரும் அவரு சம்சாரமும்மா. வச்சிட்டுக் கும்புட்டுட்டுப் போயிட்டாங்க. நானும் ஒரு மரியாதைக்கி நின்னேன்," என்றார். "ஆமா, இவரு யாரு, கம்பெனி மொதலாளியோட அப்பாவா? பாவம், எத்தன வயசுல போனாரு?"

"அவரு எங்க மாமனாருண்ணே," என்றாள் இசைவாணி. "காலையில ஏழு மணிக்கி எனக்கு டீ போட்டுக் குடுத்தாரு."

தேவசகாயம் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

அது ஒரு போன் கம்பெனியின் கடை. பெயரைச் சொன்னால் அதுவும் ஓசி விளம்பரம் ஆகிவிடும், வேண்டாம். கடலூர் லாரன்ஸ் ரோட்டில் நாலைந்து கடைகளில் அந்தக் கம்பெனியின் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு பதினோரு வருஷம் போன் விற்றவள் இசைவாணி. அவளைக் கூப்பிட்டு, சிதம்பரத்தில் ஃபிளாக்‌ஷிப் ஸ்டோர் திறக்கிறோம், நீதான் ஸ்டோர் லீட் என்றார்கள். சம்பளம் கொஞ்சம் கூடியது. தூரம் ரொம்பக் கூடியது.

கடை என்றால் நீங்கள் நினைக்கிற கடை இல்லை. அங்கே விலை எழுதி வைக்கக் கூடாது. நாற்காலி போடக் கூடாது. காலண்டர், சாமி படம், வாசலில் எலுமிச்சம்பழம், எதுவும் கூடாது. 'வாங்குங்க' என்ற வார்த்தையே வாயில் வரக் கூடாது, 'அனுபவிச்சிப் பாருங்க' என்றுதான் சொல்ல வேண்டும். நீளமான மர மேசையில் பன்னிரண்டு போன், அவ்வளவுதான் சரக்கு. மீதியெல்லாம் வெள்ளைச் சுவரும் வெறும் தரையும். முதல் நாள் வந்த மனுஷர் செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பயபக்தியோடு உள்ளே வந்தார். நாலு பக்கமும் பார்த்தார். "இன்னும் ஸ்டாக் வரலியாம்மா? சரி, வந்ததும் வரேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வெறுமைக்குத்தான் கோடிக்கணக்கில் செலவு பண்ணியிருந்தார்கள். வெறுமைக்கு அழகு சேர்க்க, வீதியைப் பார்த்த கண்ணாடியில் பன்னிரண்டு அடி உயரத்துக்கு ஒரு முகம். 'ஊருக்கு ஒரு முகம்' என்பது கம்பெனியின் திட்டம். ஒவ்வொரு ஊர்க் கடையிலும் அந்தப் பக்கத்துச் சாதாரண மனுஷர் ஒருவரைத் தங்கள் போனிலேயே படம் பிடித்துப் போடுவார்கள். சென்னையில் மார்க்கெட்டிங் பார்க்கிற கதிரவன் சார், ஊழியர்களின் வீட்டுப் பெரியவர்கள் படம் இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டார். இசைவாணி ஏதோ கேட்டார்களே என்று மாமனார் சின்னையன் படத்தை அனுப்பி வைத்தாள். இருநூறு படத்தில் அதுதான் தேறியது.

"என்ன டெக்ஸ்சர் மேடம் அந்த ஃபேஸ்ல!" என்றார் கதிரவன் போனில்.

குடிகாட்டுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் முப்பத்தொரு வருஷம் கான்ட்ராக்டில் மூட்டை தூக்கினால் யார் முகத்துக்கும் அந்த வரிவரியான டெக்ஸ்சர் வரும். அதை அவள் சொல்லவில்லை.

படம் எடுக்க மும்பையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நாலு நாள் சவரம் பண்ணக் கூடாது என்று முன்னாடியே சொல்லிவிட்டார்கள். வெயில் சாய்ந்த நேரத்தில் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நிறுத்தி, சிரிக்காதீங்க, மேல பாருங்க, இன்னும் மேல என்று ஒரு மணி நேரம் வாட்டினார்கள். போகும்போது கம்பெனி பெயர் போட்ட ஒரு குடையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சின்னையன் அதை இன்னும் பிரிக்கவில்லை.

வடிவமைத்து முடித்ததை இசைவாணியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினார்கள். ஒரு கையால் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திறந்து பார்த்து, 'ஓகே சார்' என்று அனுப்பிவிட்டாள். அன்றைக்கு யாராவது அவள் படத்தையே அனுப்பியிருந்தாலும் ஓகே என்றுதான் அனுப்பியிருப்பாள், அவ்வளவு அசதி. சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வேண்டுமே என்று வீட்டில் மாமனாரிடம் காட்டினாள். அவர் போனைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"தேதி எதுக்குப் போட்டிருக்கான்?"

"கடை தொறக்கற தேதி மாமா."

"ம்," என்றார். பேனாவை வாங்கி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு பெரிய முகம், கண் வானத்தைப் பார்க்கிறது. பின்னால் புகை மாதிரி மேகம். அடியில் 'சின்னையன், குடிகாடு' என்று பெயர், அதற்குக் கீழே ஒரு தேதி. வேறு ஒரு எழுத்துக் கிடையாது. கம்பெனியின் முத்திரை மூலையில் பொட்டளவு, அதைப் பெரிதாகப் போட்டால் கௌரவக் குறைச்சலாம். மும்பைக்காரனுக்கு அது கலை. கடலூர் ஜில்லாவில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லும், அது கண்ணீர் அஞ்சலி என்று. தள்ளுபடியும் போடாமல், சிவப்பு மஞ்சள் கலரும் அடிக்காமல், சிரித்த பெண் ஒருத்தியும் இல்லாமல் விளம்பரம் என்று ஒன்று இருக்கும் என இந்த ஊரில் யார் நம்புவார்கள்?

மாலை பெருகிப் போயிற்று. சாமி தரிசனத்துக்கு வந்தவர்கள் இந்தப் பக்கத்துப் பிரமுகர் போலிருக்கிறது என்று ஒரு கும்பிடு போட்டுப் போனார்கள். சின்னையனைத் தெரிந்தவர்கள் போனில் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். கத்தாரில் இருந்த இசைவாணியின் புருஷன் அன்புமணி அதைப் பார்த்துவிட்டு, "அப்பா போனதக்கூட எங்கிட்ட மறச்சிட்டியேடி," என்று போனில் விம்மினான். அவள் போனை மாமனார் கையில் கொடுத்தாள். "இன்னாடா, சாப்புட்டியா?" என்று அவர் கேட்ட பிறகும் அவன் அழுகையை நிறுத்த அஞ்சு நிமிஷம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ நிறைய ஆட்கள் குடிகாட்டில் வந்து இறங்கினார்கள். சின்னையனோடு மூட்டை தூக்கிய பழைய கூட்டாளி இளவரசுவும் அவர் வீட்டுப் பெண்களும். பெண்கள் தெருமுனையிலேயே மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். சின்னையன் வாயில் பல்பொடியோடு வாசலுக்கு வந்து நின்றார். அழுகை அப்படியே பாதியில் அறுந்தது. இளவரசு கையிலிருந்த மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆட்டோ சீட்டிலேயே வைத்துவிட்டார்.

"வந்ததுதான் வந்தீங்க, சாப்புட்டுப் போங்க," என்றார் சின்னையன். இசைவாணிக்கு அந்த வாரத்தில் கிடைத்த ஒரே லீவு நாள், ஒன்பது பேருக்குச் சமைப்பதில் போனது.

அவர்கள் போனதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. "மாமா, நாளைக்கே அந்தப் படத்த எறக்கச் சொல்றேன். நான்தான் சரியா பாக்காம விட்டுட்டேன். எனக்கு வாயே இல்ல உங்ககிட்ட பேச."

"நீ பாக்கல. நான் பாத்தேன்ல," என்றார் சின்னையன். "சாவு போஸ்டர் மாதிரியே இருந்துச்சி. தெரிஞ்சிதான் போட்டேன் கையெழுத்து."

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"வெண்மதி சிதம்பரத்துலதான இருக்கா. மேல வீதி வழியா ஒரு நாளாவது போவா. நான் செத்தாத்தான் வருவேன்னு சொல்லிட்டுப் போன பொண்ணு. செத்துட்டேன்னு தெரிஞ்சா வருவா இல்ல?"

வெண்மதி அவர் மகள், இசைவாணியின் நாத்தனார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் அம்மா இருசம்மாள் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்துக்கொள்வாள் என்று எல்லாரும் நினைத்த அந்த நாளில், சின்னையன் ராத்திரி ஷிப்டுக்குப் போய்விட்டார். போகாவிட்டால் மேஸ்திரி பெயரை அடித்துவிடுவான், விடிந்ததும் வந்துவிடலாம் என்று போனார். விடிவதற்குள் இருசம்மாள் மூன்று தடவை, "அவரு வந்துட்டாரா?" என்று மகளைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். காரியம் முடிந்த அன்று வெண்மதி சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள், "இனிமே நீ செத்தன்னைக்கித்தான் இந்த வாசப்படிய மிதிப்பேன்." தம்பி அன்புமணி அப்பாவுக்குப் பரிந்து பேசினான் என்று அவனையும் விட்டாள். அவன் கல்யாணத்துக்கு வரவில்லை, குழந்தை பிறந்ததற்கு வரவில்லை. ஒரு கல்லூரி விடுதிச் சமையலறையில் வேலை என்று மட்டும் கேள்வி.

"இருக்கட்டும்மா அந்தப் படம்," என்றார் சின்னையன். மருமகளிடம் அவர் எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை. இப்போது கேட்டார்.

படம் இருக்கட்டும் என்று கம்பெனியும் நினைத்தது, அது வேறு காரணம். கடை வாசலில் வந்துபோகிறவர்களை எண்ணுவதற்கு ஒரு கருவி உண்டு. துக்கம் விசாரிக்க வந்தவர், யாருக்குத் துக்கம் என்று விசாரிக்க வந்தவர், ஏசிக்காக உள்ளே வந்து நின்றவர், எல்லாரையும் அது வாடிக்கையாளர் என்றே எண்ணியது. தெற்கு மண்டலத்தில் சிதம்பரம் கடை இரண்டாம் இடம். கதிரவன் கைதட்டுகிற பொம்மையாக அனுப்பினார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

"மேடம், நானூத்திப் பதினாலு பேர் உள்ள வந்திருக்காங்க. ஆறு போன்தான் போயிருக்கு. வந்தவங்கள ஏன் வாங்கறவங்களா கன்வர்ட் பண்ண மாட்றீங்க?"

"சார், அவங்க மாலை போட வந்தவங்க."

"எதுக்கு வந்தா என்ன மேடம், உள்ள வந்துட்டாங்க இல்ல?"

இசைவாணி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். அது சிரித்துக்கொண்டிருந்தது. பதினோரு வருஷப் பழக்கம், போனில் பேசும்போதுகூட அது சிரிக்கிறது. அவளுக்கு அதன் மேல் வெறுப்பாக வந்தது.

கடைசியில் மாலைக் குவியலைப் படம் பிடித்து எவனோ நக்கலாகப் போட்டது மும்பை வரைக்கும் போயிற்று. சனிக்கிழமை காலையில் ஆட்கள் வந்து படத்தைக் கிழித்துவிட்டுக் கலரில் வேறு ஒட்டுவார்கள் என்று உத்தரவு வந்தது. அவள் அதைச் சின்னையனிடம் சொன்னபோது, "அதுக்குள்ள இன்னும் ரெண்டு நாள் இருக்கு," என்றார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வெண்மதி வந்தாள்.

வேலைக்கு நடுவில் ஓடிவந்தவள், இடுப்பில் செருகிய முந்தானையில் மஞ்சள் கறை. கையில் ரோஜா மாலை, இலையில் சுற்றியது. இசைவாணி அவளைக் கல்யாணத்துக்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், கல்யாண ஆல்பத்தில்கூட அவள் இல்லை, ஆனாலும் அந்த நெற்றியும் மூக்கும் கண்ணாடியில் பன்னிரண்டு அடிக்கு இருக்கிற அதே நெற்றி, அதே மூக்கு. வெண்மதி வெளியே நிற்கவில்லை. செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். உள்ளிருந்து பார்த்தால் படத்தின் பின்பக்கம், வெளிச்சத்தில் அப்பன் முகம் திரும்பித் தெரிந்தது. அதன் அடியில் மாலையை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"எட்டு நாளு ஆச்சாப்பா?" என்றாள். அடியில் இருந்த தேதியைத்தான் சொன்னாள். "எடுத்துட்டாங்களா? எனக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பலியே. யாருகிட்ட சொல்லுவ, நான்தான் யாருமே வேணாம்னு வந்துட்டனே."

அவள் அழுதாள். உடம்பு முழுவதும் அழுதது. மேசையருகே போனைத் தடவிக்கொண்டிருந்த இரண்டு பேர் வெளியே போய்விட்டார்கள்.

"நீ போவாம இருந்திருந்தா வேல போயிருக்கும். எனக்குத் தெரியும்ப்பா. அன்னைக்கே தெரியும். எங்க ரெண்டு பேரையும் படிக்க வச்சது அந்த வேலதான. ஆனா அம்மா கேட்டுக்கிட்டே இருந்துச்சே, நான் இன்னா பதில் சொல்லுவேன்? யாரையாவது திட்டணும், உன்னத் திட்டிட்டேன். விடுப்பா. உம்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. எல்லாத்தயும் விட்டுட்டேன். நிம்மதியாப் போ."

இசைவாணி பக்கத்தில் வந்து நின்றாள். அவள் உண்மையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். 'வாங்கண்ணி, வீட்டுக்குப் போலாம்' என்று ஒரு வார்த்தை சொல்லி, பஸ் ஏற்றிக் குடிகாட்டில் இறக்கிவிட்டிருந்தால், மற்றதை அப்பனும் மகளும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாதியைச் சொல்லி மீதியை மறைத்து விற்பதில் அவளுக்கு என்ன புதுசு? ஆனால் தரையில் உட்கார்ந்து அழுகிறவளைப் பார்க்கப் பார்க்க, இவளையும் கன்வர்ட் பண்ண அவளுக்கு மனசு வரவில்லை.

"அண்ணி," என்றாள், முழங்காலிட்டு உட்கார்ந்து. "நான் இசைவாணி, அன்பு சம்சாரம். மாமா நல்லாத்தான் இருக்காரு. சாவல."

வெண்மதி நிமிர்ந்தாள்.

"இது கடை விளம்பரம் அண்ணி. தேதி கடை தொறந்த தேதி. இப்பகூட வீட்டுலதான் இருக்காரு. நீங்க பாத்தா வருவீங்கன்னுதான் இத எறக்க வேணாம்னு சொன்னாரு."

"பாக்கறவங்க செத்துட்டாருன்னு நெனப்பாங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு. "தெரியும்," என்றாள் இசைவாணி.

வெண்மதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்துத் துடைத்து, துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும் துடைத்தாள். அவள் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் இசைவாணிக்கு நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. தரையில் கை ஊன்றி எழுந்தாள்.

"நான் மன்னிச்சது செத்தவர," என்றாள். "இருக்கறவருகிட்ட சொல்ல எனக்கு அந்த வார்த்த வராது இசை. ஒன்பது வருசமா முட்டிப் பாத்துட்டேன், வரல."

"ஒரு தடவ வீட்டுக்கு வாங்க அண்ணி. சும்மா பாத்துட்டு—"

"செத்தா வரேன்னு சொன்னேன். வந்துட்டேன். மால போட்டுட்டேன், அழுதுட்டேன். ஒரு அப்பனுக்கு எத்தன தடவ அழுவறது? இனி நெசமாப் போனாலும் எனக்குச் சொல்லி அனுப்பாதீங்க." குனிந்து மாலையை எடுத்து இசைவாணி கையில் கொடுத்தாள். "இத அவருகிட்ட குடு. இருக்கறவரு படத்துல கெடக்க வேணாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். திரும்பிப் பார்ப்பாள் என்று இசைவாணி நின்றாள். பார்க்கவில்லை.

தலைவலி என்று கதிரவனுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு அவள் பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடித்தாள். மடியில் சாவு மாலை இருந்ததால் பக்கத்தில் யாரும் வந்து உட்காரவில்லை. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு கால் நீட்டி உட்கார இடம் கிடைத்தது, தூக்கம்தான் வரவில்லை. என்ன சொல்வது என்று புதுச்சத்திரம் வரைக்கும் யோசித்தாள். ஆலப்பாக்கம் தாண்டும்போது, யோசிக்கவும் தெம்பில்லை என்று ஆகிவிட்டது. நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

சின்னையன் கூடத்தில் பாயில் சாய்ந்திருந்தார். மாலையைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். இனி நெசமாகப் போனாலும் சொல்லி அனுப்பாதீர்கள் என்றதையும் சொன்னாள்.

"உள்ள வந்து அழுதாளா, வெளியவே நின்னாளா?"

"உள்ள வந்துதான் மாமா. தரையில உக்காந்து."

"எவ்ளோ நேரம்?"

"கால் மணி நேரம் இருக்கும்."

அவர் தலையாட்டினார். மாலையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வெயிலில் வாடியிருந்த ரோஜாவை ஒரு விரலால் நிமிர்த்திப் பார்த்தார், அது மறுபடி சாய்ந்தது.

"மன்னிச்சேன்னு சொன்னாளா?"

"சொன்னாங்க," என்றாள் இசைவாணி. "ஆனா உங்ககிட்ட இல்ல மாமா. படத்துகிட்ட."

சின்னையன் மடியிலிருந்த மாலையைத் தடவினார்.

"படம் என்னுதுதான?" என்றார்.